குனிஞ்சு போற கதவு

பொண்ணுக்குக் கல்யாணம். பொண்ணைப் பெத்த எங்க வீட்டுக்காரர் புதுச் சட்டை போட்டுக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் மரத்தடியில நிக்கிறார். நான் இந்தப் பக்கம் மண்டபத்து கேட்டுல நிக்கிறேன். நடுவுல பஸ் போகுது, லாரி போகுது, என் மானம் போகுது.

"வாங்கங்க, ரெஜிஸ்ட்ரார் வந்துட்டாரு"ன்னு கையைக் கையை ஆட்டுறேன். மனுஷன் அசையணுமே! கொடியேத்த வந்தவர் மாதிரி கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நிமிர்ந்து நிக்கிறார். பக்கத்துல அவரோட பழைய கூட்டாளி ஃபிட்டர். அவருக்குப் பின்னாடி இன்னும் நாலஞ்சு பழைய ஆளுங்க, ஆளுக்கொரு பரிசுப் பொட்டலத்தோட. கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிங்கதான், ஆனா வாசல் தாண்ட மாட்டாங்களாம்.

ஏன் தாண்ட மாட்டாங்கன்னு சொல்றேன், கேளுங்க. நான் சொல்றது சரியா தப்பான்னு அப்புறம் நீங்களே சொல்லுங்க.

இன்னிக்கு மண்டபமா இருக்கிற இந்தக் கட்டடம் அப்போ சோப்பு ஃபேக்டரி. ரொம்பப் பழசு. செங்கச் சுவரு, ரெண்டு பேரு சேர்ந்து கட்டிப்பிடிக்கிற மாதிரி இரும்புத் தூணு, ஊரு முழுக்கத் தெரியுற புகைபோக்கி. இப்பவும் நல்ல மழை பெஞ்சா சுவத்துல இருந்து சோப்பு வாசம் வரும். எங்க வீட்டுக்காரர் அங்க கொப்பரையில சோப்பு காய்ச்சுற இடத்துல வேலை. நான் பேக்கிங். சோப்பைக் காகிதத்துல சுத்திச் சுத்தி என் விரல் நுனியெல்லாம் வெடிச்சுக் கெடக்கும், உப்புல கை வைக்க முடியாது.

ஆம்பிளைங்க பெரிய கேட் வழியா போவாங்க, வருவாங்க. பேக்கிங் பொம்பிளைங்களுக்கு மட்டும் பின்பக்கம் ஒரு சின்னக் கதவு. நாங்க இடுப்புல சோப்பு சொருகிக்கிட்டுப் போயிடுவோமாம், அதனால ஒவ்வொருத்தியா தடவிப் பாத்து அனுப்புறதுக்குன்னே வச்ச கதவு. குள்ளக் கதவு, குனிஞ்சுதான் நுழையணும். அதுலயும் ஒரு சூது உண்டு. கதவைத் தாண்டிட்டோம்னு நிமிர்ந்தீங்கன்னா போச்சு, உள்ள தள்ளி குறுக்கால ஒரு இரும்புச் சட்டம் ஓடும், நச்சுன்னு நெத்தியில விழும். வெளியில இருந்து பாத்தா அது தெரியவே தெரியாது. புதுசா வேலைக்கு வர்றவ எவளும் முதல் நாள் நெத்தியில ஒண்ணு வாங்காம இருந்ததில்ல. "என்னடி, கம்பெனி பொட்டு வச்சாச்சா?"ன்னு கேட்டுச் சிரிப்போம்.

எங்க வீட்டுக்காரருக்கு 'சைரன்'னு பட்டப்பேரு. சங்கத்துல அவரு பேச ஆரம்பிச்சா மைக் வேணாம். பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்போதான் கம்பெனிக்கும் சங்கத்துக்கும் முட்டிக்கிச்சு. வேலைநிறுத்தம்னு இவங்க வெளிய வந்தாங்க, கதவடைப்புன்னு அவங்க கேட்டைப் பூட்டினாங்க. கம்பெனிக்காரன் வெளியூர்ல இருந்து ஆளைக் கூட்டியாந்து எங்க குள்ளக் கதவு வழியா உள்ள விட்டான். கூட இருக்கிறவன் பட்டினி கெடக்கிறப்போ அவன் வேலையைத் திருடப் போறவனுக்கு எங்க பக்கம் கருங்காலின்னு பேரு. இருக்கிற கெட்ட வார்த்தையிலயே அதுதான் பெரிய கெட்ட வார்த்தை. அப்பாவைத் திட்டினாக்கூட பொறுத்துக்குவாங்க, கருங்காலின்னா கை ஓங்கிடுவாங்க. அன்னிக்கே எங்க கதவுக்கு கருங்காலி கதவுன்னு பேரும் விழுந்துச்சு.

இதே மரத்தடியிலதான் பந்தல் போட்டு உக்காந்தாங்க. எங்க வீட்டுக்காரர் அங்க நின்னுக்கிட்டு எல்லாரையும் கை நீட்டச் சொல்லி சத்தியம் வாங்கினாரு. "போனா எல்லாரும் ஒண்ணா போவோம். இல்லன்னா எவனும் இந்த வாசலை மிதிக்க மாட்டோம்!" ஆம்பிளைங்க அத்தனை பேரும் கை நீட்டினாங்க. பேக்கிங் பொம்பிளைங்க நாங்க பின்னாடி நின்னுக்கிட்டிருந்தோம். எங்களைக் கை நீட்டுன்னு யாரும் கேக்கல. நாங்க சங்கத்துல கணக்கே இல்ல, தினக்கூலி.

பூட்டின கேட்டை அப்புறம் திறக்கவே இல்ல. மிஷினையெல்லாம் கழட்டி வித்துட்டு முதலாளி வேற ஊருக்குப் போயிட்டான். சத்தியம் மட்டும் இங்கயே கெடந்துச்சு.

எங்க வீட்டுக்காரர் சோம்பேறின்னு நான் சொல்லவே மாட்டேன், அது பாவம். சங்கத் தலைவனா இருந்தவன்னு தெரிஞ்சா எவன் வேலை குடுப்பான்? சுமை தூக்கினாரு, பெயின்ட் அடிச்சாரு, கிடைச்சா செஞ்சாரு. கிடைக்கிறது பாதி நாளு. மீதி நாளு பச்சைத்தண்ணி. அப்போதான் அந்தக் கட்டடத்தை சிமென்ட் கோடவுனா மாத்தினாங்க. கிழிஞ்ச சாக்கு தைக்க பொம்பிளை ஆளு வேணும்னாங்க.

நான் வீட்டுல சொன்னேன். அவரு பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தாரு. பக்கத்தைத் திருப்பவே இல்ல.

"எவனும் போக மாட்டோம்னுதானே சத்தியம் பண்ணீங்க? எவளும்னு சொல்லலையே"ன்னு வேடிக்கையா கேட்டேன். சிரிப்பாருன்னு நெனச்சேன். சிரிக்கல, போகாதேன்னும் சொல்லல. மறுநாள் காலையில நான் அந்தக் குள்ளக் கதவு வழியா குனிஞ்சு போனேன்.

அன்னில இருந்து எங்க வீட்டுல ஒரு வார்த்தை வந்துச்சு. 'வெளிய'. யாராவது வந்து "எங்க உங்க சம்சாரம்?"னு கேட்டா, "வெளிய போயிருக்கா"ம்பாரு. அவ்வளவுதான். சாயங்காலம் தலை, மூக்கு, இமை எல்லாம் சிமென்ட்டோட வருவேன். "எங்க போயிருந்தே"ன்னு கேட்டதில்ல, "கஷ்டமா இருக்கா"ன்னும் கேட்டதில்ல. நான் வடிச்ச சோறை மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு சாப்பிடுவாரு. உள்ள போயி உழைச்சவ நானு, ஊரெல்லாம் 'சைரன் இன்னும் வாசலை மிதிக்கலப்பா, வைராக்கியம்னா அது வைராக்கியம்'னு பேரு அவருக்கு! சொல்லும்போதே எரியுது பாருங்க.

ஒரு வருஷம் வெள்ளம் வந்து எங்க தெருவே முங்கிப் போச்சு. மேடான இடம் அந்தக் கட்டடம்தான், அதனால தெருவையே கொண்டுபோய் அதுக்குள்ள விட்டாங்க. சிமென்ட் மூட்டை மேல கைக்குழந்தையில இருந்து பல்லு போன கிழம் வரைக்கும் படுத்துக் கெடந்துச்சு. இவரும் ஃபிட்டரும் மட்டும் வீட்டு மொட்டை மாடியில தார்ப்பாயைப் போத்திக்கிட்டு மழையில உக்காந்திருந்தாங்க. கயிறு கட்டின தூக்குச்சட்டியில நான் படகுக்காரங்ககிட்ட சோறு அனுப்புறேன், இவங்க மேல இருந்து இழுத்துக்கிறாங்க. அப்புறம் காய்ச்சல் வந்து படுத்தப்போ கஷாயம் வச்சுக் குடுத்ததும் இந்த முண்டம்தான்.

கோடவுன் போய் டியூஷன் சென்டர் வந்துச்சு. உள்ள பூரா பலகை வச்சுத் தடுத்தாங்க. இவரு நின்னு சோப்பு காய்ச்சின இடத்துல பசங்க உக்காந்து கணக்குப் போட்டுச்சுங்க. நான் அங்க பாத்ரூம் கழுவினேன். அதே குள்ளக் கதவு. வேலைக்காரி பொண்ணுன்னு என் பொண்ணைச் சும்மா சேத்துக்கிட்டாங்க. அவளைத் தினமும் பெரிய கேட் வரைக்கும் சைக்கிள்ல கொண்டுவந்து விட்டது யாரு? இதே மனுஷன்தான். பொண்ணு உள்ள போனா அது படிப்பு. நான் போனா அது 'வெளிய'. அங்க படிச்சுத்தான் அவ இன்னிக்கு ஆபீஸ்ல ஏசியில உக்காந்திருக்கா.

கடைசியா மண்டபம். புதுசா வாங்கினவங்க பலகையெல்லாம் பிரிச்சுப் போட்டாங்க. செங்கல்லைத் தேச்சு, தூணுக்கு கறுப்பு பெயின்ட் அடிச்சு, புகைபோக்கிக்கு கலர் லைட்டு போட்டாங்க. சோப்பு காய்ச்சின கொப்பரை ஒண்ணு எங்கயோ கெடந்துச்சு, அதைக் கழுவி வாசல்ல வச்சு தண்ணி ஊத்தி பூ மிதக்க விட்டாங்க. சுவத்துல பெருசா பழைய போட்டோ. வரிசையா ஆம்பிளைங்க. பேக்கிங் பொம்பிளை ஒருத்தி கூட அதுல இல்ல. நான் அங்க பாத்திரம் கழுவுற பக்கம் சேர்ந்தேன். இன்ஜினியர் வந்தப்போ, "சார், இந்தப் பின்கதவைக் கொஞ்சம் உசத்தி, அந்தச் சட்டத்தையும் எடுத்துடுங்க, இடிக்குது"ன்னேன். "அதைத் தொடக்கூடாதும்மா, பாரம்பரியம்"னாரு. பாத்துக்கோங்க. எங்க நெத்தி வீங்குறது பாரம்பரியமாம்!

பொண்ணுக்குக் கல்யாணம் முடிவாச்சு. மாப்பிள்ளை நல்ல பையன், சம்பந்தி வீட்டுல ஆடம்பரமே வேணாம்னாங்க. ரெஜிஸ்ட்ரார் வந்து கையெழுத்து, அப்புறம் சாப்பாடு, அவ்வளவுதான். எங்க மேனேஜருக்கு விஷயம் தெரிஞ்சதும், "உங்க பொண்ணுக்குன்னா மண்டபத்தைச் சும்மாவே எடுத்துக்கோங்கக்கா, நடுவாரத்துல ஒருநாள் காலியாத்தான் கெடக்கும்"னாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வீட்டுக்கு ஓடி வந்து சொன்னேன்.

"அங்கயா?"ன்னாரு.

"அங்கதான். உங்க பொண்ணு படிச்ச இடம், நான் கஞ்சி குடிக்க வழி பண்ண இடம். அங்கதான்."

"நான் வாசல் வரைக்கும் வர்றேன்."

நான் அதைப் பெருசா எடுத்துக்கல. அன்னிக்குப் பொண்ணு முகத்தைப் பாத்தா தன்னால உருகிடுவாருன்னு இருந்துட்டேன். பொண்ணு மட்டும் சும்மா இல்ல. "அப்பா பக்கத்துல நிக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்"னு சொல்லிட்டா. அவளுக்கும் அதே ரத்தம்தானே, முறுக்கிக்கத் தெரியாதா?

இப்போ மாப்பிள்ளை பேனாவோட காத்திருக்காரு. ரெஜிஸ்ட்ரார் வாட்சைப் பாக்குறாரு, அவருக்கு வேற இடத்துல இன்னொரு கல்யாணம். சம்பந்தியம்மா என்கிட்ட வந்து மெதுவா, "அண்ணனுக்கு எங்க மேல எதும் வருத்தமா?"ன்னு கேக்குறாங்க. நான் என்னத்தைச் சொல்ல? சோப்புக் கம்பெனி மேல வருத்தம்னா?

அதனாலதான் கையை ஆட்டினேன். அசையலைன்னதும் ரோட்டைத் தாண்டிப் போனேன்.

"என்னங்க இது? உள்ள பொண்ணு நிக்கிறா."

"தெரியும்."

"தெரிஞ்சா வாங்க."

ஃபிட்டர் தொண்டையைக் கனைச்சாரு. "தங்கச்சி, சத்தியம்னு ஒண்ணு இருக்கில்ல. செத்துப்போனவங்க எத்தனை பேரு வாசலை மிதிக்காமலே செத்துப்போனாங்க. அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

"செத்தவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேண்ணே. உயிரோட இருக்கிற பொண்ணுக்கு நீங்க யாராவது பதில் சொல்லுங்க."

எங்க வீட்டுக்காரர் தரையைப் பாத்தாரு. ஒரு நிமிஷம் இளகுற மாதிரி இருந்துச்சு. நானும் மனசு இறங்கி, குரலைத் தணிச்சு கிட்டப் போய்ச் சொன்னேன். "பெரிய வாசல்தானே உங்களுக்கு உறுத்துது? அதை மிதிக்காதீங்க. பின்னாடி சுத்தி வாங்க, எங்க கதவு வழியா கூட்டிட்டுப் போறேன். யாரும் பாக்க மாட்டாங்க."

வெடுக்குன்னு நிமிர்ந்தாரு. "அந்தக் கதவா? அது கருங்காலிங்க போற கதவு."

சொல்லிட்டு அவரே வாயை மூடிக்கிட்டாரு. ஃபிட்டர் முகத்தை வேற பக்கம் திருப்பிக்கிட்டாரு.

எனக்கு முதல்ல கோவம் கூட வரல. அப்புறம் வந்துச்சு பாருங்க!

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"நான் உன்னைச் சொல்லல..."

"வேற யாரைச் சொன்னீங்க? அந்தக் கதவு வழியா இத்தனை வருஷமா போனவ யாரு? நீங்க நிமிர்ந்து நிக்கிறீங்களே, அது யாரு குனிஞ்சு போனதால? 'எவனும்'ங்கிறது ஆம்பிளை வார்த்தை, அதுல என்னைச் சேக்கல. சரின்னு இருந்தேன். கருங்காலிங்கிறதுல ஆம்பிளை பொம்பிளை கிடையாது, அது மட்டும் எனக்குக் கரெக்ட்டா பொருந்துதோ? மானத்துல பங்கு இல்ல, பட்டத்துல பங்கு உண்டா?"

"சத்தம் போடாத. ரோடு."

"போடுவேன். நீங்க மட்டும்தான் சைரனா? கருங்காலி கழுவின பாத்ரூம்ல வந்த சோத்தைத் தின்னீங்க. கருங்காலி தைச்ச சாக்குல உங்க பொண்ணு வளந்தா. அப்பெல்லாம் தொண்டையில இறங்குச்சில்ல? இருங்க. உங்க வைராக்கியத்தைக் கட்டிக்கிட்டு இங்கயே இருங்க. நான் போறேன்."

திரும்பிப் பாக்காம ரோட்டைத் தாண்டினேன். ஒரு வண்டிக்காரன் பிரேக் போட்டுத் திட்டினான், அவனையும் ரெண்டு திட்டினேன். பெரிய கேட் வழியா, நடு வாசல்ல, கொப்பரையைத் தாண்டி உள்ள போனேன். அந்தக் கட்டடத்துல இத்தனை வேலை பாத்திருக்கேன், வெள்ளத்தப்பவும் சரி, அன்னிக்குக் காலையிலயும் சரி, பழக்கத்துல பின்கதவுதான்; பெரிய வாசல் வழியா நான் நுழைஞ்சது அன்னிக்குத்தான் முதல் தடவை. அதையும் சந்தோஷமா நுழைய விட்டாரா மனுஷன்?

பொண்ணு என் முகத்தைப் பாத்தா. "அப்பா?"

"வர மாட்டாரு. போடு கையெழுத்தை."

"அம்மா..."

"போடுடி! உங்கப்பன் இல்லாம இந்தக் கட்டடத்துல எத்தனையோ நடந்திருக்கு, இதுவும் நடக்கட்டும்."

அவ பேனாவை மேஜை மேல வச்சுட்டா. கண்ணு ரெண்டும் ரொம்பி நிக்குது. மாப்பிள்ளை அவ தோள்ல கை வச்சுக்கிட்டு, ரெஜிஸ்ட்ரார்கிட்ட "கொஞ்ச நேரம் சார்"னு கெஞ்சுறாரு. ரெஜிஸ்ட்ரார் பையை மூட ஆரம்பிச்சுட்டாரு. எனக்கு யாரை அறையறதுன்னு தெரியல. அந்தச் சுவத்துப் போட்டோவைக் கழட்டி ரோட்டுல எறிஞ்சுட்டு வரலாமான்னு கூட வந்துச்சு.

அப்போ சமையக்கட்டுப் பக்கத்துல இருந்து பாத்திரம் உருள்ற சத்தம். என்கூட பாத்திரம் கழுவுறவ ஓடி வந்தா. "அக்கா, அக்கா, அங்க வந்து பாரு!"

நான் போறதுக்குள்ள அவரே வந்துட்டாரு. சமையக்கட்டுக் கதவைத் தள்ளிக்கிட்டு, ஒரு கையால நெத்தியைப் பிடிச்சுக்கிட்டு. புதுச் சட்டை தோள்ல கரி, முட்டியில ஈரம். கையை எடுத்தாரு, நடு நெத்தியில எலுமிச்சம்பழம் சைசுக்குப் புடைச்சிருந்துச்சு.

எனக்கு யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. அந்த வீக்கம் எந்தக் கதவு குடுக்கிற வீக்கம்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? பின்னாடியே ஃபிட்டரும் நெத்தியைத் தேச்சுக்கிட்டே வந்தாரு. அவருக்குப் பின்னாடி மத்தவங்களும் ஒவ்வொருத்தரா, ஆளுக்கொரு பரிசுப் பொட்டலம், ஆளுக்கொரு கம்பெனி பொட்டு. ஒருத்தன் இடிச்சுக்கிட்டதைப் பாத்து அடுத்தவன் குனிய வேண்டாமா? அந்தப் புத்தியிருந்தா ஏன் இத்தனை வருஷம் மரத்தடியில நிக்கிறாங்க!

"அண்ணனுக்கு என்னாச்சு, அடிபட்டுடுச்சா?"ன்னு சம்பந்தியம்மா பதறினாங்க.

"ஒண்ணுமில்லம்மா. வர்ற வழி அப்படி"ன்னாரு. சைரன் குரலே இல்ல அது.

போய் பொண்ணு பக்கத்துல நின்னாரு. அவ அழுதுக்கிட்டே சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டா. மாப்பிள்ளை போட்டாரு. சாட்சிக்கு அப்பா கையெழுத்துன்னு ரெஜிஸ்ட்ரார் விரல் வச்ச இடத்துல இவரும் போட்டாரு. எல்லாரும் கை தட்டினாங்க. நான் தட்டல. பனிக்கட்டியைத் துணியில சுத்திக் கொண்டாந்து அவரு நெத்தியில வச்சு அழுத்தினேன், கொஞ்சம் வலிக்கட்டும்னே அழுத்தினேன்.

"ஸ்ஸ்"ன்னாரு. அப்புறம் எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னாரு. "வாசல்ல குனிஞ்சுதான் வந்தேன். உள்ள வந்த அப்புறமும் குனிஞ்சே இருக்கணும்னு நீ ஒருநாளும் சொன்னதில்லையே."

"நீங்க ஒருநாளும் கேட்டதில்லையே"ன்னேன்.